வெனிஸுக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

இப்போதுதான் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் கோவையிலிருந்து ஒரு குடும்பம் வெனிஸில் வந்து இறங்குகிறது. கணவன், மனைவி, 5 வயது மகள், 20 மாதப் பையன், கூடவே முட்டி வலியுள்ள மாமியார். மூன்று இரவு தங்கல். கையில் பார்க்க வேண்டிய 14 இடங்களின் பட்டியல். ஸ்ட்ரோலர் எடுத்து வரலாமா, ஊருக்குள் தங்குவதா அல்லது ஊருக்கு வெளியே நிலப்பக்கமுள்ள மெஸ்த்ரேயில் மலிவாகத் தங்குவதா, கொண்டோலா என்ற துடுப்புப் படகுக்கு அவ்வளவு பணம் தரலாமா என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்று: "சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போவது வீண் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வெனிஸையே விட்டுவிடலாமா?"

உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றுக்கும் விடை இணையத்தில் கிடைக்கும். பிள்ளை அழ, மாமியார் கால் வலிக்க, கணவர் வரைபடத்தோடு முன்னால் நடக்க, நடுவில் நாம் என்ன ஆவோம் என்ற பயத்துக்குத்தான் கிடைக்காது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் இருப்பது பதுவாவில். நம் ஊர்க் கோயில்களில் பதுவை அந்தோனியார் என்கிறோமே, அதே பதுவை. இங்கிருந்து வெனிஸ் ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். 12 ஆண்டுகளாக இந்தியக் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. உரிமம் பெற்ற வழிகாட்டி அல்ல. ஓவியம், கட்டடக்கலை என்று கேட்டால் ஓரளவுக்கு மேல் என்னிடம் சரக்கில்லை. எந்த வழியில் பாலம் குறைவு, எந்தச் சதுக்கத்தில் நிழல், எங்கே பிள்ளையை இறக்கிவிட்டால் ஓடலாம் என்பது தெரியும். என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தார்கள்.

வெனிஸை விட வேண்டாம். அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள். 14 இடங்களில் நாளுக்கு ஒன்று வீதம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் படகுக்கும் தெருவுக்கும் கொடுங்கள். அவ்வளவு தூரம் வந்து மூன்றே மூன்றா என்று தோன்றும். நமக்கு வெனிஸ் என்றால் அரண்மனை, தேவாலயம், மணிக்கூண்டு. அங்கே போய்ச் சேருகிற வழி ஒரு தொந்தரவு. பிள்ளைகளுக்கு அந்த வழிதான் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் சேலத்துக் குடும்பம் ஒன்றைக் காலை 9 மணி முன்பதிவுக்காக வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்கள் இருந்த டோஜ் அரண்மனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு கால்வாயோரம் குப்பைப் படகு நின்றது. துப்புரவுப் பணியாளர் தள்ளுவண்டியைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். படகிலிருந்த கிரேன் கை நீண்டு, வண்டியை அப்படியே தூக்கி, படகின் மேலே கொண்டுபோய் அடிப்பக்கத்தைத் திறந்து கொட்டிவிட்டு, காலி வண்டியைப் பழைய இடத்திலேயே பதமாக வைத்தது. அந்த வீட்டு நான்கு வயதுப் பையன் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆறு வண்டிகள் காலியாகும்வரை நின்றோம். முன்பதிவு நேரம் போய்விடும் என்று அவன் அப்பா என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அரண்மனைக்குள், தங்கம் பூசிய கூரைக்கு அடியில் நின்றுகொண்டு அந்தப் பையன் கேட்ட ஒரே கேள்வி: "குப்பைப் படகு மறுபடி எப்போ வரும்?"

அன்றிலிருந்து நான் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் திட்டம் போடும் விதமே மாறிவிட்டது. மற்ற ஊர்களில் சக்கரத்தில் நடக்கிற எல்லாமே இந்த ஊரில் தண்ணீரில் நடக்கிறது. ஆம்புலன்ஸ் படகு சைரன் ஊதிக்கொண்டு போகும். தீயணைப்புப் படகு சிவப்பாக இருக்கும். மளிகைச் சரக்கு, சலவை இயந்திரம், சிமென்ட் மூட்டை, சவப்பெட்டி எல்லாமே படகில்தான். ஒரு பாலத்தின் உச்சியில் கால் மணி நேரம் நின்றால் உங்கள் மகளுக்கு வேறு வேடிக்கை தேவைப்படாது. கார், பைக், ஆட்டோ ஒன்றும் கிடையாது, சைக்கிளுக்கும் அனுமதியில்லை. ஹாரன் சத்தமே இல்லாத ஒரு முழு ஊரில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடப்பது நம்மவர்களுக்குப் புது அனுபவம். எல்லா இடத்திலும் விட முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே உங்கள் முதல் பெரிய செலவு படகு பாஸாக இருக்கட்டும். வாப்பொரெத்தோ என்பது இங்கத்துப் பேருந்துப் படகு. 1-ஆம் எண் படகில், பேருந்துகள் வந்து நிற்கும் பியாட்சாலே ரோமாவிலோ ரயில் நிலையத் துறையிலோ ஏறி உட்கார்ந்தால், பெருங்கால்வாய் முழுவதையும் காட்டிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்க்கோவில் இறக்கிவிடும். இடக்கரை, வலக்கரை என்று மாறி மாறி நின்று நின்று போகும். அவசரக்காரர்கள் 2-ஆம் எண்ணில் போவார்கள், நீங்கள் 1-இலேயே போங்கள். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பெரியவர்களுக்கு 75 நிமிட ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, 72 மணி நேர பாஸ் 45 யூரோ. நான் கடைசியாகப் பார்த்த விலை இது. ஏற்றுவார்களே தவிர இறக்க மாட்டார்கள். ஐந்து தடவை ஏறினாலே பாஸ் லாபம், நீங்கள் மூன்று நாளில் பதினைந்து தடவையாவது ஏறுவீர்கள். ஒவ்வொரு தடவையும் துறையில் உள்ள கருவியில் பாஸைக் காட்டிவிட்டு ஏற வேண்டும், மறந்தால் அபராதம். காலை 10 மணியிலிருந்து மாலை 5 வரை படகில் நிற்கவே இடமிருக்காது. விடிகாலையிலும், இரவு 8 மணிக்கு மேல் கரையோர மாளிகைகளில் விளக்கு எரியும்போதும் போய்ப் பாருங்கள், அது வேறு ஊர்.

உங்கள் மாமியாருக்கும் இந்த பாஸ்தான் மருந்து. வெனிஸின் பழைய நகரில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் படிகள். படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை; ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி கேட்கும். பெருங்கால்வாயைக் கடக்க மொத்தமே நான்கு பாலங்கள்தான் உண்டு, நான்கிலும் படி ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பதில் இந்தக் கரையில் படகு ஏறி அடுத்த துறையில், எதிர்க்கரையில் இறங்கிவிடுங்கள். பாஸ் இருப்பதால் செலவில்லை. ஒரு துறை தூரத்துக்குப் படகா என்று யாரும் கேட்க மாட்டார்கள், உள்ளூர்ப் பாட்டிகள் காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறார்கள்.

ஸ்ட்ரோலர் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கொண்டே வராதீர்கள் என்பவர்கள் பாலத்தை நினைத்துச் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு கையால் மடக்கித் தூக்கக்கூடிய, 6 கிலோவுக்கு மேற்படாத, குடை மாதிரி மடங்கும் ஸ்ட்ரோலரும், துணியில் கட்டிச் சுமக்கும் கேரியரும் இரண்டுமே வேண்டும். தட்டையான தெருவில் பையன் ஸ்ட்ரோலரில் தூங்கட்டும். பாலம் வந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து அப்படியே தூக்கிவிடுங்கள், எழுப்ப வேண்டாம். பாலங்கள் அடுத்தடுத்து வரும் பகுதிக்குப் போகிற அன்று கேரியர் மட்டும் போதும். பெரிய சக்கரம் வைத்த, கார் இருக்கையோடு சேர்ந்த ஸ்ட்ரோலரைக் கொண்டுவந்த குடும்பங்கள் எல்லாம் இரண்டாம் நாள் அதை அறையிலேயே விட்டுவிட்டன. அக்டோபர் மாரத்தானுக்காக நீர்முகப்பில் உள்ள சில பாலங்களில் சரிவுப் பலகை போடுவார்கள், அது சில மாதம் அப்படியே இருக்கும். ஏப்ரல் கடைசியில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், இருந்தால் அதிர்ஷ்டம்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். கால்வாய்க் கரைகளில் பெரும்பாலும் தடுப்பு கிடையாது. தெரு முடிகிற இடத்தில் தண்ணீர், அவ்வளவுதான். அதைவிட மோசம், படகில் ஏறி இறங்குவதற்காகத் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள். கீழ்ப்படிகள் அலை ஏறி இறங்கிப் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும், நம் கோயில் குளத்துப் படி மாதிரியே. என் பெரியவனுக்கு மூன்று வயது இருக்கும்போது கன்னரேஜியோ பக்கம் ஒரு கரையில் நின்றிருந்தோம். நான் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஓர் இலையை மிதக்கவிட இறங்கியிருக்கிறான். கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி, நான் திரும்பும்போது இடுப்பளவு தண்ணீரில் இருந்தான். பக்கத்துப் படகில் தண்ணீர்ப் புட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் வைத்தார். அப்புறம் அவர் என்னைத் திட்டியது வெனிஸ் வட்டாரப் பேச்சில். முழுக்கப் புரியவில்லை, புரிந்தவரை நியாயம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: தண்ணீர்ப் பக்கம் எப்போதும் பெரியவர், சுவர்ப் பக்கம் பிள்ளை. இது உங்கள் மகளுக்கு ஒரு நாளில் பழகிவிடும். 20 மாதத்துக்காரனுக்கு எந்தச் சட்டமும் பழகாது. மார்பில் மாட்டி நாம் கையில் பிடித்துக்கொள்ளும் வார் ஒன்று வாங்கி வாருங்கள். நாய்க்குக் கட்டுவது போல என்று மாமியார் சொல்லக்கூடும், பரவாயில்லை. கரையோரம் ஸ்ட்ரோலரை நிறுத்தினால் பிரேக் போட்டு, தண்ணீருக்கு இணையாக நிறுத்துங்கள், தண்ணீரைப் பார்த்தபடி வேண்டாம். படகுத்துறை என்பது மிதக்கும் மேடை, படகு வந்து முட்டும்போது ஒரு குலுக்கு குலுக்கும். அந்த நேரம் பையன் தரையில் நிற்காமல் இடுப்பில் இருக்கட்டும். இந்தப் பத்தியில் சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவற்றில் உங்கள் இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம், இதில் மாற்றாதீர்கள்.

தங்குவது எங்கே? மெஸ்த்ரே மோசமான இடமில்லை. ரயிலில் பத்து நிமிடம்தான், ஹோட்டல்களில் லிஃப்ட் இருக்கும், காசு மிச்சமாகும். பிள்ளை இல்லாதவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். ஆனால் உங்கள் பையன் மதியம் தூங்குகிறவன். ஊருக்குள் அறை இருந்தால் 1 மணிக்குப் போய்ப் படுக்கப்போட்டுவிட்டு, மாமியாரும் காலை நீட்டிவிட்டு, 4 மணிக்கு எல்லாரும் புதுசாகக் கிளம்பலாம். மெஸ்த்ரே என்றால் நடுவில் திரும்ப மனம் வராது; காலை 9 முதல் இரவு 8 வரை வெளியிலேயே அலைவீர்கள், மாலை 5 மணிக்கு எல்லாரும் எல்லாரோடும் சண்டை போடுவீர்கள். இதைப் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஊருக்குள் என்றால் எங்கே என்பதற்கும் ஒரு யோசனை. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பாஞ்யா என்ற தெரு. குல்யே பாலம் வரும்வரை அந்த வழியில் ஒரு பாலம்கூடக் கிடையாது. பெட்டி, ஸ்ட்ரோலர், முட்டி வலி மூன்றுக்கும் இதைவிட நல்ல சேதி இல்லை. தெரு என்னவோ நினைவுப்பொருள் கடைகள் நிறைந்த சாதாரணத் தெருதான், அழகை எதிர்பார்க்காதீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே சவோர்ஞான் பூங்கா இருக்கிறது. ஊஞ்சல், சறுக்குமரம், மர நிழல் எல்லாம் உண்டு. முன்பதிவு செய்யும்முன் எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். இங்கே பழைய கட்டடங்களில் மூன்று மாடிப் படி சர்வ சாதாரணம்.

ஒரு வரம் உங்களுக்குத் தானாகவே கிடைக்கப்போகிறது. ஏப்ரலில் இத்தாலி நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். வீட்டில் 8 மணிக்கு எழுகிற பிள்ளை இங்கே முதல் நாள் நாலரைக்கே கண் விழித்து உட்கார்ந்திருக்கும். திட்டிப் படுக்கவைக்காதீர்கள். ஸ்வெட்டர் போட்டு, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, ஆறு மணிப் படகில் சான் மார்க்கோவுக்குப் போய்விடுங்கள். பகலில் தோளோடு தோள் இடிக்கிற அந்தச் சதுக்கம் காலை ஆறரைக்கு உங்கள் மகள் ஓடுவதற்கென்றே காலியாகக் கிடக்கும். அங்குள்ள கடிகாரக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு வெண்கல ஆட்கள் சுத்தியலால் மணி அடிப்பார்கள், 1490-களின் கடைசியில் வைத்தது. சிறகு முளைத்த சிங்கம் இந்த ஊரின் சின்னம். தூணில், கொடியில், கதவில், சுவரில் எங்கும் இருக்கும். "எத்தனை சிங்கம்?" என்று மகளிடம் எண்ணச் சொல்லிவிட்டால் மூன்று நாளைக்குக் கவலையில்லை. எங்கள் சின்னவள் ஒரு மதியத்தில் 61 எண்ணினாள், அதில் சில நாய்களும் இருந்திருக்கும்.

சான் மார்க்கோ தேவாலய முகப்பின் மேலே நிற்கும் நான்கு குதிரைகளின் கதையையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1204-இல் கான்ஸ்டான்டிநோபிள் சூறையாடப்பட்டபோது வெனிஸ்காரர்கள் தூக்கி வந்தவை. 1797-இல் நெப்போலியன் இவர்களிடமிருந்து பாரிசுக்குத் தூக்கிப் போனார். 1815-இல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல்கள், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். திருடனிடம் திருடிய கதை 5 வயதுக்கு நன்றாகப் பிடிக்கும். பக்கத்திலுள்ள மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்தது. ஒரு மனித உயிரும் போகவில்லை, காவலாளியின் பூனை மட்டும் செத்தது என்று சொல்வார்கள். அதே வடிவில் கட்டி 1912-இல் திறந்தார்கள். உள்ளே லிஃப்ட் இருப்பதால் மாமியாரும் மேலே போய்ப் பார்க்கலாம். வரிசை நீளமாக இருந்தால் எதிரே தெரியும் சான் ஜோர்ஜோ மஜோரே தீவுக்கு 2-ஆம் எண் படகில் போங்கள். அங்கும் மணிக்கூண்டு, அங்கும் லிஃப்ட், கூட்டம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் காட்சியும் அங்கிருந்துதான் நன்றாக இருக்கும், ஏனென்றால் அங்கிருந்து பார்க்கும்போதுதான் சான் மார்க்கோ கண்ணில் படும். சதுக்கத்தில் தரையிலோ படியிலோ உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம் உண்டு. புறாவுக்கு இரை போடுவதை 2008-இலேயே தடை செய்துவிட்டார்கள். கடற்காகங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது, மகள் கையிலுள்ள பீட்சாத் துண்டை வந்து பிடுங்கும்.

மாலை நேரத்துக்குக் காம்போ. சான் மார்க்கோவை மட்டும்தான் பியாட்சா என்பார்கள், மற்றச் சதுக்கங்களுக்கெல்லாம் காம்போ, அதாவது வயல் என்று பெயர். ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த இடங்கள். சான் ஜாக்கோமோ தெல் ஓரியோ என்ற காம்போவில் மரங்களும் பெஞ்சுகளும் இருக்கின்றன. சான் போலோ பெரியது, சான் மார்க்கோவுக்கு அடுத்தபடி. நாலரை மணிக்கு மேல் பள்ளி விட்டு உள்ளூர்ப் பிள்ளைகள் பந்தோடு வருவார்கள், தேவாலயச் சுவர்தான் கோல். உங்கள் மகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கவிடுங்கள், பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவாள். மொழி பற்றி நாம்தான் கவலைப்படுகிறோம். நடுவில் நிற்கும் கல்தொட்டி மாதிரியான கிணற்று வாய்களை அவளுக்குக் காட்டுங்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் இது. காம்போவின் தரையில் விழும் மழைநீரை மணல் வழியாக வடிகட்டி அடியில் தேக்கினார்கள், நம் மழைநீர் சேகரிப்புத் தொட்டி போலத்தான், பல நூறு ஆண்டுக்கு முந்தையது. குழாய்த் தண்ணீர் வந்தது 1884-இல். இப்போது தெருவோரக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர், புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

மழை பிடித்துக்கொண்டால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பெருங்கால்வாயின் கரையிலேயே இருக்கிறது, சான் ஸ்தாயே துறையில் இறங்க வேண்டும். நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் தோண்டியெடுத்த ஔரானோசாரஸ் என்ற டைனோசரின் முழு எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. பட்டியலில் நீங்கள் வைத்திருக்கும் ஓவியக்கூடங்கள் இரண்டையும் இதற்காகத் தயங்காமல் வெட்டலாம். சரி, ஓவியம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் போய்வாருங்கள், குடும்பமாக வேண்டாம்.

சாப்பாட்டில் நம் பிள்ளைகளுக்கு இந்த நாடு எளிது. பையனுக்குப் பால் வேண்டுமென்றால் எந்தக் காப்பிக் கடையிலும் "லாத்தே கால்தோ" என்று கேளுங்கள், சூடான பால் வரும். நம் ஊர்க் காப்பிக் கடை நினைப்பில் வெறுமனே லாத்தே என்று கேட்கும் பெரியவர்களுக்கும் வெறும் பால்தான் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளே பால். "பாஸ்தா இன் பியாங்கோ" என்றால் காரம், குழம்பு எதுவும் இல்லாமல் வெண்ணெயோ எண்ணெயோ மட்டும் போட்டுத் தருவார்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு என்றால் செய்வார்கள். வசந்தகாலத்தில் வெனிஸின் சொந்தச் சாப்பாடு ரிசி எ பீசி, பச்சைப் பட்டாணி போட்டுக் குழைய வைத்த அரிசிச் சாதம். ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில் சாப்பிடுவது வழக்கம். நம் பொங்கலுக்கும் அதற்கும் ஒரு மிளகுதான் வித்தியாசம். பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரிலோ பன்றிக்கொழுப்பிலோ செய்வார்கள், சைவமென்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரிசி என்ற சொல் நம் அரிசியிலிருந்து போனதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கிரேக்கத்தின் வழியாக வந்தது என்பதுவரை உறுதி, அதற்கு முந்தைய வழியில் மொழியறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் இனிப்பில்லாத வெள்ளை யோகர்ட் கிடைக்கும், அறையில் சமைக்க வசதியிருந்தால் மூன்றாம் நாள் தயிர்சாதம் பிசைந்துவிடலாம். உணவகங்களில் மதியம் 12 முதல் இரண்டரை வரை, இரவு 7 மணிக்கு மேல். நடுவில் பசிக்கிற பிள்ளைக்குப் பையில் ஏதாவது இருக்கட்டும்.

தீவுகளில் ஒன்று போதும் என்றால் புரானோ. ஃபொந்தமென்தே நோவே என்ற துறையிலிருந்து 12-ஆம் எண் படகு, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நிறம். மகள் தனக்குப் பிடித்த வீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். தெம்பிருந்தால் அங்கிருந்து சில நிமிடத் தூரத்தில் தொர்ச்செல்லோ. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவு, இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். புல்வெளி, பழைய தேவாலயம், ஹூணர்களின் அரசன் அட்டிலாவின் சிம்மாசனம் என்று சொல்லப்படும் ஒரு கல்நாற்காலி. அட்டிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே தடுப்பில்லாத ஒரு பாலம் உண்டு, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முரானோவில் கண்ணாடி ஊதுவதைப் பார்க்க மகளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். பையனைக் கண்ணாடிக் கடைக்குள் தரையில் விடாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

கொண்டோலா. பகலில் அரை மணி நேரத்துக்கு நகராட்சி விலை 90 யூரோ, இரவில் 110, ஆளுக்கல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் உங்கள் குடும்பம் ஒரே படகில் அடங்கும். பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க விடும் திராகெத்தோவும் கொண்டோலா வகைதான், வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 5 வயதுக்கு இரண்டும் ஒன்றே. மாமியாருக்கு ஆசை இருந்தால் கணக்கே வேறு, ஏறுங்கள். இருக்கை தாழ்வானது, உட்காருவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். படகோட்டி கை கொடுப்பார், உங்கள் கணவரும் பக்கத்தில் நிற்கட்டும். சான் மார்க்கோ முன்னால் உள்ள திறந்த நீரில் அலை அதிகம், உள்ளே உள்ள சிறு கால்வாய்களில் போகச் சொல்லி ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஒற்றைத் துடுப்பால் தள்ளுவதால் படகு நேராகப் போவதற்காக ஒரு பக்கத்தை அகலமாகக் கட்டுகிறார்கள், முன்னால் நின்று பார்த்தால் கோணலாகத் தெரியும். முகப்பு இரும்பிலுள்ள ஆறு பற்கள் நகரின் ஆறு பகுதிகளைக் குறிப்பதாகப் படகோட்டி சொல்வார். அது பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம், மகளிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். பகல்நேரப் பயணிகளுக்கு 2024-இல் நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள், குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும். ஏப்ரல் கடைசி விடுமுறை நாட்கள் பெரும்பாலும் அதில் வரும். ஊரில் தங்குபவர்களுக்கும் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும் விலக்கு, ஆனால் தங்குபவர்கள் அந்த விலக்கை இணையத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறுவது முக்கியமாக அக்டோபர் முதல் ஜனவரி வரைதான், 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் தடுப்புக் கதவுகளும் வேலை செய்கின்றன. அதற்காக ரப்பர் பூட்ஸ் சுமக்காதீர்கள். அவசர எண் 112, மருத்துவத்துக்கு 118. ஊருக்குள்ளேயே பெரிய மருத்துவமனை உண்டு. முகப்பைப் பார்த்தால் அரண்மனை என்று நினைப்பீர்கள், ஆம்புலன்ஸ் படகு அதன் பக்கவாட்டுக் கால்வாயில் வந்து நிற்கும். நான் மருத்துவர் இல்லை. காய்ச்சல் மருந்தை உங்கள் டாக்டரிடம் அளவு எழுதி வாங்கிக் கொண்டே வாருங்கள், இங்குள்ள சிரப்பின் அடர்த்தி நம்மூர் சிரப்பின் அடர்த்தியாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இத்தனையும் பிள்ளைகளுக்கு நினைவிருக்குமா என்றும் கேட்பீர்கள். பையனுக்கு இருக்காது. மகளுக்கு ஏதோ ஒன்று இருக்கும், அது எது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் அனுபவம். விமான நிலையத்துக்கு ஏன் மார்க்கோ போலோ என்று பெயர் என்று கேட்டால் மட்டும் விடாமல் சொல்லுங்கள். இந்த ஊர்க்காரர் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பவர்களையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய வீடு இருந்ததாகச் சொல்லும் முற்றம் ரியால்டோ பாலத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மட்டும் தாளில் ஒன்றும் எழுதாதீர்கள். 4.1, 4.2, 5.1, 5.2 என்ற எண்களில் ஊரைச் சுற்றி வரும் படகுகள் இருக்கின்றன. எந்த எண்ணில் ஏறலாம் என்று மகளிடமே கேளுங்கள். எங்கே இறங்குவது என்பதையும் அவளே சொல்லட்டும். தம்பி அதற்குள் தூங்கியிருப்பான்.